பூட்டு, தக்காளி, மல்லிகை

திண்டுக்கல்லில் உருக்காலை கிடையாது. பூட்டுக்கு வேண்டிய இரும்புப் பட்டையையும் பித்தளைத் தகட்டையும் மதுரையிலோ உள்ளூர்க் கடையிலோ காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படியிருந்தும் நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, காமாட்சிபுரம், யாகப்பன்பட்டி என்று நகரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் நூறாண்டுக்கும் மேலாகப் பூட்டு செய்துகொண்டிருக்கிறார்கள். சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் தொடங்கி வைத்த தொழில் என்று ஊரில் சொல்வார்கள். தொடங்கியவர் பெயர் தெரிகிறது, சரி. அந்தத் தொழில் ஏன் வேறு ஊருக்குப் போகாமல் இங்கேயே வேர்விட்டது?

ஒரு தொழில் ஓர் ஊரில் ஏன் நிற்கிறது என்பதற்கு 1909ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் எளிமையான ஒரு கணக்குச் சொன்னார். மூலப்பொருளின் எடையையும் அதிலிருந்து கிடைக்கும் சரக்கின் எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ கரும்பில் ஒரு கிலோ சர்க்கரைதான் கிடைக்கும். மீதி ஒன்பது கிலோவை லாரியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோவது வீண் செலவு. அதனால் கரும்பாலை கரும்புத் தோட்டத்தை விட்டு நகராது. எடை குறையக் குறைய, ஆலை மூலப்பொருளை நோக்கி இழுக்கப்படும்.

பூட்டுக்கு இந்த இழுப்பு இல்லை. ஒரு கிலோ இரும்பும் பித்தளையும் கொடுத்தால், வெட்டுத் துண்டும் அரப்பொடியும் போக ஏறக்குறைய அதே எடைக்குப் பூட்டு வந்துவிடும். எடைக் கணக்கில் பார்த்தால் பூட்டை எந்த ஊரிலும் செய்யலாம். அப்படியானால் திண்டுக்கல்லில் அதைப் பிடித்து வைத்திருப்பது கை ஒன்றுதான்.

ஆறு லீவர் மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக லீவர் எனப்படும் ஆறு மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றையும் கீழ்நோக்கி அழுத்த ஒரு சிறு வில். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாய் வெட்டியிருக்கும். தாழ்ப்பாளில் உள்ள முளை அந்த வாய்களுக்குள் நுழைந்தால்தான் தாழ்ப்பாள் நகரும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை ஓர் உயரத்துக்குத் தூக்குகிறது. ஆறு தகடுகளும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நின்றால் ஆறு வாய்களும் ஒரே கோட்டில் வரும், முளை உள்ளே போகும். ஒரு தகடு மட்டும் நூலிழை கூடுதலாகத் தூக்கப்பட்டாலும் பூட்டு திறக்காது. ஒரு தகட்டுக்கு ஐந்து உயரங்கள் என்று வைத்துக்கொண்டால்கூட ஆறு தகடுகளுக்கு 15,625 சேர்க்கைகள். ஏழு லீவர் பூட்டுக்கு 78,125. கையால் அரம் போடும்போது இந்த உயரங்கள் படிப்படியாக இருப்பதில்லை, அரம் நின்ற இடமே உயரம். எனவே உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம். சாவியை முதலில் செய்து, அந்தச் சாவிக்கு ஏற்றபடி தகடுகளை ராவி ராவிப் பொருத்துகிற கைக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த வரைபடத்திலும் எழுதி வைக்க முடியாத அறிவு அது.

மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பெல் பூட்டு என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இங்கே உருவானதற்கும் அந்தக் கைதான் காரணம். பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த பட்டறைகள். தகடு வெட்டுவது ஒருவர், லீவர் செதுக்குவது இன்னொருவர், ரிவெட் அடித்துக் கூடு கட்டுவது, சாவி வெட்டுவது, மெருகு போடுவது என்று வேலை பிரிந்து தெருத்தெருவாகப் போகும். கூலி பீஸ் ரேட். ஒருவருக்கு நல்ல அரம் வேண்டுமென்றால் அடுத்த தெருவில் கிடைக்கும். புதுவகைப் பூட்டு ஒன்றை ஒருவர் கண்டுபிடித்தால் சில வாரங்களில் மற்றவர்களுக்கும் அது கைவந்துவிடும். ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழில் செய்வோர் ஒரே வட்டாரத்தில் கூடியிருப்பதால் வரும் பலன் என்று விவரித்தது இதைத்தான். கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு பகுதியை அவர் எடுத்துக்காட்டினார். நாகல் நகரையும் காட்டியிருக்கலாம்.

இத்தனை இருந்தும் தொழில் தளர்ந்தது. காரணத்தைத் தேட வேண்டுமானால் பூட்டுக்கு உள்ளே பார்த்துப் பயனில்லை, பூட்டு கடந்து வருகிற வழி முழுவதையும் பார்க்க வேண்டும். இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர். 1985இல் வெளிவந்த நூலில் அவர் மதிப்புச் சங்கிலி என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு நிறுவனத்தை மொத்தமாகப் பார்க்காதீர்கள். சரக்கு வாங்குவது, செய்வது, அனுப்புவது, விற்பது, விற்றபின் பழுது பார்ப்பது என்று கண்ணி கண்ணியாகப் பிரியுங்கள். எந்தக் கண்ணியில் செலவு ஏறுகிறது, எந்தக் கண்ணியில் வாங்குபவர் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்று பாருங்கள் என்றார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கண்ணிகளுக்கு நடுவே உள்ள இணைப்புகளைப் பற்றி அவர் சொன்னது. ஒரு கண்ணியில் செய்யும் செலவு இன்னொரு கண்ணியில் மிச்சத்தைக் கொண்டுவரலாம். போட்டியாளர் ஒரு கண்ணியைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடலாம். இணைப்புகளைப் பார்த்து எழுதுவது கடினம்.

இந்தியப் பூட்டுத் தொழிலில் மூன்று சங்கிலிகள் போட்டியிட்டன. முதலாவது திண்டுக்கல்லின் வீட்டுப் பட்டறைச் சங்கிலி. இரண்டாவது உத்தரப் பிரதேசத்தின் அலிகார். அங்கே 1870 வாக்கில் ஜான்சன் அண்ட் கம்பெனி என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கிலாந்துப் பூட்டுகளைக் கொண்டுவந்து விற்றது, 1890 வாக்கில் அங்கேயே செய்யவும் தொடங்கியது. அலிகாரிலும் சிறு சிறு பட்டறைகள்தான். ஆனால் வார்ப்பு, பிரஸ், முலாம் என்று ஒவ்வொரு கண்ணியிலும் எந்திரம் நுழைந்தது. மூன்றாவது பம்பாயில் 1897இல் அர்தேஷிர் கோத்ரெஜ் தொடங்கிய தொழில். அங்கே செய்வதிலிருந்து பெயர் போட்டு விற்பது வரை எல்லாக் கண்ணிகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன.

அலிகார் விலையில் வென்றது, கோத்ரெஜ் பெயரில் வென்றது. திண்டுக்கல்லிடம் இருந்தது தரம். அந்தத் தரம் பூட்டின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஆறு தகடுகளில் ஒளிந்திருந்தது. இதுதான் சிக்கல். கடையில் இரண்டு பூட்டுகள் அருகருகே தொங்குகின்றன. ஒன்றில் தகடுகள் கையால் பொருத்தப்பட்டவை, மற்றொன்றில் உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுக் கூடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எடையும் பளபளப்பும் விலையும்தான் தெரியும். 1970இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பழைய கார் சந்தையை வைத்து இதையே விளக்கினார்: தரத்தை வாங்குபவர் பார்த்தறிய முடியாத சந்தையில் நல்ல சரக்குக்கு நல்ல விலை கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள், நல்ல சரக்கு மெல்ல மெல்லச் சந்தையை விட்டே வெளியேறிவிடும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். நாகல் நகர்ப் பட்டறைகள் பல மூடப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

பட்டறைக்காரர்கள் நல்ல பூட்டு செய்தார்கள். நல்ல பூட்டு என்று வாங்குபவருக்குச் சொல்லுகிற கண்ணி மட்டும் அவர்கள் கையில் இல்லை. அது வியாபாரியின் கையில் இருந்தது. வியாபாரிக்கோ எந்தப் பூட்டில் லாபம் அதிகமோ அதை முன்னால் தொங்கவிடுவதுதான் நியாயம். திண்டுக்கல் பூட்டு என்ற பெயரின் மதிப்பு நிலைத்திருந்தது தரத்தை நேரில் அறிந்த இடங்களில்தான்: கோயில்கள், கிட்டங்கிகள், பரம்பரையாக அதே பட்டறையில் வாங்கும் குடும்பங்கள். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்ததும், விற்கும் கண்ணியைத் தங்கள் பக்கம் இழுக்கச் செய்த முயற்சிதான்.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆக்கர்லாஃபின் சிக்கலுக்கு இது ஒரு பாதி மருந்து. வேறெங்கோ செய்த பூட்டின்மேல் திண்டுக்கல் என்று பொறித்து விற்பதைச் சட்டப்படி தடுக்கலாம். மீதிப் பாதி, குறியீடு பொறித்த பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்து உறுதிசொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் பெயரை மட்டும் காப்பாற்றினால் கைக்குக் கூலி ஏறாது. கூலி ஏறாத கையை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளாது. எடை இழுக்காத, கை மட்டுமே பிடித்து வைத்திருந்த தொழில் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கை போய்விட்டால் அதைத் திண்டுக்கல்லில் நிறுத்தி வைக்க வேறெதுவும் இல்லை.

நகரிலிருந்து பழனிச் சாலையில் போனால் ஒட்டன்சத்திரம். அங்கே வேறொரு சங்கிலி, அதைப் பிணைப்பது நேரம்.

தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் எல்லாம் வந்து இறங்கும். பெரும்பங்கு கேரளத்துக்குப் போகும். ஏன் ஒட்டன்சத்திரம்? ஒரு பக்கம் பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்; இன்னொரு பக்கம் தேனி, கம்பம் வழியாகக் குமுளி. மலைத்தொடரைக் கடக்க இருக்கிற வழிகளில் இரண்டும் எட்டும் தூரத்தில் உள்ளன. மாலையில் கிளம்பும் லாரி விடியும்போது கேரளத்துக் கடைவீதியில் நிற்க முடியும்.

அந்த ஓரிரவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத் தக்காளியே சொல்லும். செடியிலிருந்து பறித்தாலும் தக்காளி உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சேமித்து வைத்த சர்க்கரையை எரிக்கிறது, எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுவே அதைப் பழுக்கச் சொல்லும் கட்டளை. ஒரு காய் வெளியிடும் எத்திலீன் பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். வெயிலில் நிற்கும் லாரிக்குள் அடுக்கிய பெட்டிகளில், ஒவ்வொரு மணி நேரமும் சரக்கு தன் மதிப்பைத் தானே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதனால்தான் தூரத்துக்குப் போகிற தக்காளியை முழுச் சிவப்பில் பறிப்பதில்லை. அடியில் இளஞ்சிவப்பு தட்டும்போதே பறித்து, பழுக்கும் வேலையைப் பயணத்திலேயே முடிக்க விடுகிறார்கள். உயிரியலும் போக்குவரத்தும் இங்கே ஒரே கணக்காகிவிடுகின்றன.

நேரம் இப்படித் துரத்தும்போது, சரக்கை வைத்துக்கொண்டு விலை பேசும் வலிமை விவசாயிக்கு இல்லை. காலையில் பறித்தவர் மாலைக்குள் விற்றாக வேண்டும். சரக்கைத் தரகுக்கு விற்றுக்கொடுக்கும் கமிஷன் மண்டிக்கோ இரண்டு வலிமைகள் உண்டு. பல ஊர் வியாபாரிகள் அங்கே வந்து நிற்பதால் அன்றைய விலை அங்கேதான் உருவாகிறது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பதும் பெரும்பாலும் மண்டிதான். காய்கறி தோட்டத்திலிருந்து சந்தையை நோக்கிப் போகும், கடன் சந்தையிலிருந்து தோட்டத்தை நோக்கி வரும். முன்பணம் வாங்கியவர் அதே மண்டியில்தான் சரக்கு போட முடியும். இதை வெறும் சுரண்டல் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வங்கி எட்டிப்பார்க்காத இடத்தில் பயிருக்குப் பணம் தந்தது அந்தக் கண்ணிதான். ஆனால் பணமும் விலையும் ஒரே கையில் சேரும்போது பேரத்துக்கு இடமில்லாமல் போகிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நடுவிலுள்ள கண்ணிகளை நீக்கி இதைச் சரிசெய்யப் பார்த்தது. கூடையில் விற்பவருக்கு அது நல்ல வழி. நூறு பெட்டி தக்காளி வைத்திருப்பவர் கேரளத்துக்கு லோடு ஏற்றத்தான் வேண்டும். அவருக்கு வேண்டியது குளிர்பதனக் கிடங்கு. இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள முடிகிறவர்தான் விலை பேச முடியும். விளைச்சல் பெருகி விலை சரிந்த நாட்களில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் காட்சியை இந்த வட்டாரம் பலமுறை பார்த்திருக்கிறது.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது, நூல் திருப்பூருக்கும் கரூருக்கும் போகிறது. எடையும் பெரிதாகக் குறைவதில்லை, சரக்கும் கெடுவதில்லை. அந்தத் தொழில் வாங்குபவருக்கு அருகில் இருப்பதால் நிற்கிறது. அது பெரிய கதை, தனியே சொல்ல வேண்டியது.

இனி மல்லிகை. இந்த மாவட்டத்தில் என்னை அதிகம் வியக்க வைப்பதும் வருத்துவதும் அதுதான்.

நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் விடிவதற்கு முன்பே மொட்டுப் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். அன்று மாலை விரியப்போகிற மொட்டு எது, நாளை விரியப்போவது எது என்று பிரித்தறிந்து பறிக்கும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. மாலையில் விரிந்துவிட்டால் மாலை கட்டும் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. தக்காளிக்கு நாட்கணக்கு என்றால் மல்லிகைக்கு மணிக்கணக்கு. காலையில் சந்தைக்கு வந்தவுடன் ஒரு விலை, வெயில் ஏறியபின் வேறு விலை. பனிக்காலத்தில் செடி மொட்டு விடுவது குறைந்து, தை முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். கோடையில் செடி நிறையப் பூக்கும்போது பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாத நாட்கள் வரும். மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு திண்டுக்கல் மாவட்டத் தோட்டங்களையும் உள்ளடக்கியது. ஆனால் பெயரைக் கொண்டு நேரத்தை நிறுத்த முடியாது.

நேரத்தை நிறுத்தும் வழி பூவின் உயிரியலிலேயே இருக்கிறது. மொட்டில் மணம் மிகக் குறைவு. இதழ் விரியும்போதுதான் மணப்பொருட்கள் பெருமளவில் உருவாகின்றன: பென்சைல் அசிட்டேட், லினலூல், மிகச் சிறிய அளவில் இண்டோல். பறித்த பிறகும் பல மணி நேரம் பூ மணத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதாவது பூக்கடைக்காரருக்குப் பயனற்றுப்போன அந்த விரிந்த பூ, வாசனைத் திரவிய ஆலைக்கு அப்போதுதான் முழு மதிப்புள்ள சரக்கு. ஒருவருக்குக் காலம் கடந்த நேரம் இன்னொருவருக்குச் சரியான நேரம். ஹெக்சேன் என்ற கரைப்பானில் விரிந்த பூக்களை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கிப் பிரித்தால் மெழுகு போன்ற ஒரு பொருள் மிஞ்சும். கான்கிரீட் என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். மல்லிகை இனத்தைச் சேர்ந்த பிச்சிப் பூ ஆயிரம் கிலோவுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ. குண்டு மல்லிக்கு இன்னும் குறைவு. அந்த மூன்று கிலோ மாதக்கணக்கில் கெடாது, உலகின் எந்த மூலைக்கும் போகும்.

வெபரின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கரும்பு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. பூட்டு அநேகமாகக் குறைவதே இல்லை. பிச்சிப் பூ முந்நூறில் ஒன்றுக்கும் கீழே போகிறது, அதோடு சில மணி நேரத்தில் மதிப்பையும் இழக்கிறது. தோட்டத்தின் காலடியில் ஆலை இருந்தே தீர வேண்டிய தொழில் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். பூட்டை அலிகார் பறித்துக்கொண்டதுபோல இதை வேறோர் ஊர் பறித்துக்கொண்டு போக முடியாது.

பிரான்சின் தெற்கே கிராஸ் என்ற சிறிய ஊர் இதைப் பலநூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது. அது முதலில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றத்தைப் போக்க, கையுறைகளுக்கு மணமூட்டத் தொடங்கினார்கள். பின்னர் சுற்றிலும் மல்லிகையும் ரோஜாவும் பயிரிட்டார்கள். காலப்போக்கில் தோல் போய் மணம் நின்றது. பறித்த மல்லிகையைக் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டில் பரப்பி, அது தொடர்ந்து வெளியிடும் மணத்தைக் கொழுப்பில் பிடிக்கும் முறை அங்கே வளர்ந்தது. கிராஸின் வாசனைத் திரவியக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திண்டுக்கல்லும் தோல் பதனிடும் ஊர்தான். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகள் தலைமுறைகளாக இயங்கி வந்திருக்கின்றன, அவற்றின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த துயரமும் ஊருக்குத் தெரியும். தோலும் மல்லிகையும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் இங்கே இரண்டும் சந்திக்கவில்லை.

சென்ட் ஆலைகளுக்குப் பூ வாங்குபவர்கள் இந்தச் சந்தைகளுக்கு வராமல் இல்லை. மற்றவர்கள் வாங்கி முடித்து விலை சரிந்த பிறகு மிஞ்சியதை அள்ளிச் செல்வார்கள். விவசாயியைப் பொறுத்தவரை அது கடைசிப் புகலிடம். நிலக்கோட்டையில் அரசோ விவசாயிகளே சேர்ந்தோ நறுமண ஆலை ஒன்றை நிறுவ வேண்டும் என்பது அங்கே நீண்டகாலக் கோரிக்கை, தேர்தல்தோறும் மேடையேறும் கோரிக்கை. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆலை விவசாயிகளின் பங்கில் இருந்தால், காலைச் சந்தையில் விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்போது மொட்டைப் பறிக்காமல் செடியிலேயே விட்டு, இரவில் விரிந்தபின் பறித்து ஆலைக்குக் கொடுக்கலாம். விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிய அந்த நாளிலிருந்து காலைச் சந்தையின் விலையும் மாறும், ஆலைக்கு ஒரு பூகூடப் போகாத நாட்களிலும் மாறும். வாங்குபவருக்கு எதிரே, வேறு வழி உள்ள ஒருவர் நிற்கிறார் அல்லவா.

அந்த ஆலையை நடத்துவது எளிதல்ல. ஹெக்சேன் எளிதில் தீப்பிடிக்கும். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குச் செலவாகும். கோடையில் குவியும் பூவுக்கு ஏற்ற பெரிய கலன்கள் பனிக்காலத்தில் வெறுமனே கிடக்கும், எனவே அந்த மாதங்களில் பதப்படுத்த வேறு பூவோ மூலிகையோ வேண்டும். கான்கிரீட்டை வாங்கும் நிறுவனங்கள் உலகிலேயே குறைவு, அவர்கள் ஆண்டுதோறும் ஒரே தரத்தை எதிர்பார்ப்பார்கள். தரத்தைச் சோதிக்கும் கூடம் ஆலையோடு சேர்ந்தே வர வேண்டும். நாகல் நகரில் விட்டுப்போன கண்ணியும் சோதித்து உறுதிசொல்லும் கண்ணிதான். நிலக்கோட்டையில் முதல் கலன் வாங்குவதற்கு முன்பே அந்தக் கூடத்துக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.